பக்கத்துக்கு எட்டு கொக்கி

ஜூன் 3, திங்கள்

தினமும் டைரி எழுதணும், அதுவும் இங்கிலீஷ்லதான் எழுதணும்னு கோச்சிங் கிளாஸ் ஆல்வின் சார் சொல்லிட்டார். சரி சார்னு தலையாட்டிட்டு வந்து, இந்தா தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் "குட் மார்னிங் டாக்டர்", "பேஷண்ட் ஈஸ் ஸ்டேபிள்" அவ்வளவுதான். அத வச்சுக்கிட்டு அண்ணன் பொண்டாட்டிய, எங்க மதினியத் திட்ட முடியுமா?

யாராவது இத எடுத்துப் படிச்சா (மதினி, உங்களத்தான் சொல்லுதேன்) தெரிஞ்சுக்கோங்க. பேரு ஞானபுஷ்பம். வயசு முப்பத்தி நாலு. பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு நர்ஸ். கல்யாணம் ஆகல. ஏன்னு கேக்காதீங்க, எல்லாருக்கும் கண்ணு இருக்குல்லா. லிஃப்ட்ல ஏறும்போது, "எல்லாரும் எறங்குங்க, நான் ஒருத்தி போதும்"னு நானே சொல்லிருவேன். அடுத்தவங்க சொல்லி நாம கேக்குறதுக்கு நாமளே சொல்லிட்டா வலி கம்மி.

அயர்லாந்து போகணும். கூட வேலை பாத்த கனகா சிஸ்டர் போயிட்டா. அங்க என் சைஸ் துணி சாதாரணக் கடையிலயே தொங்குதாம், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்களாம். சம்பளமெல்லாம் அப்புறம். அந்த ஒண்ணுக்காகவே போகணும். ஆகஸ்ட் 24 இங்கிலீஷ் பரீட்சை. அதுக்குத்தான் இந்த கோச்சிங் எல்லாம்.


ஜூன் 5, புதன்

கிளாஸ் மூணு மணிக்கு. முருகன்குறிச்சியில ஒரு மெடிக்கல் கடைக்கு மாடியில. பன்னெண்டு பேர், எல்லாரும் நர்ஸ், எல்லாருக்கும் காலை ட்யூட்டி முடிஞ்சு வர்ற தூக்கம்.

சார் போர்டுல "பாடி இமேஜ்"னு எழுதினார். முன் பெஞ்சு பாக்கியம், "எக்ஸ்ரேயா சார், ஸ்கேனா?"ன்னு கேட்டா. மொத்த கிளாஸும் அதத்தான் நெனச்சிருக்கு, நானும்தான். சார் தலையில கை வச்சுட்டு உக்காந்துட்டார். அப்புறம் சொன்னார், நம்ம உடம்பப் பத்தி நம்ம மனசுல ஒரு படம் இருக்குல்லா, அதுதானாம். போன தடவை பரீட்சையில இது வந்துச்சாம், இனியும் வருமாம். அதனால தினமும் இதப் பத்தியே ஒரு பக்கம் எழுதணுமாம்.

எல்லாரும் என்னையே பாத்தாங்க. "சார், எனக்கு ஒரு பக்கம் பத்தாது, தனி நோட்டு போடணும்"னேன். கிளாஸே சிரிச்சுது. என் பக்கத்துல இருந்த பெனிட்டா மட்டும் சிரிக்கல.

பெனிட்டா எங்க ஆஸ்பத்திரிதான், குழந்தைகள் வார்டு. இருபத்தி நாலு வயசு. ரெண்டு வருஷம் முன்ன வேலைக்கு வந்தப்ப நல்லா பூசுன மாதிரி இருப்பா, எல்லாரும் என் தங்கச்சியான்னு கேப்பாங்க. போன கிறிஸ்துமசுக்கு தூத்துக்குடியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து, டீயக் குடிச்சு, அதிரசத்தத் தின்னுட்டுப் போயி, "பையன் ஒல்லி, ஜோடி சேராது"ன்னு போன்ல சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் தவக்காலம் வந்துச்சு. அவங்க ஆர்.சி.லா, ஒரு வேளை மட்டும் சாப்புட்டு ஒருசந்தி இருந்தா. ஈஸ்டர் வந்ததும் எல்லாரும் பிரியாணிக்குத் திரும்பிட்டாங்க. இவ திரும்பல. இப்ப பாத்தா என் தங்கச்சின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு அதுல கொஞ்சம் வயித்தெரிச்சல்தான், பொய் சொல்லுவானேன்.


ஜூன் 10, திங்கள்

சாரோட முறை இதுதான். வாக்கியத்த வாக்கியத்தோட மாட்டுற வார்த்தை இருக்குல்லா, பிகாஸ், ஆல்தோ, ஹவெவர், தேர்ஃபோர், அதுக்கெல்லாம் அவர் வச்சிருக்குற பேரு கொக்கி. பக்கத்துக்கு எட்டு கொக்கி இருக்கணும். எழுதி முடிச்சதும் பக்கத்துல உள்ளவங்ககிட்ட நோட்ட மாத்திக்கணும். அவங்க கொக்கியச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டு, எண்ணி, கீழ நம்பர் எழுதணும். எட்டு வந்தா "குட்". சார் அந்த நம்பர மட்டும் பாத்துட்டுப் போவார்.

"கதையப் படிச்சுட்டு இருக்காதீங்க, கொக்கியப் பாருங்க. பரீட்சையில திருத்துறவரும் அதத்தான் பாப்பார்"னார்.

பெனிட்டா நோட்டு எனக்கு, என் நோட்டு அவளுக்கு. அவ எட்டு எழுதிருந்தா. முத்து முத்தான கையெழுத்து. குட் போட்டேன். என்ன எழுதிருந்தான்னு கேட்டா தெரியாது.

என் பக்கத்துல "நான் குண்டு, ஆனாலும் சந்தோஷமா இருக்கேன், ஏன்னா…"ன்னு அளந்து விட்டிருந்தேன். அதுக்குக் கீழ பென்சில்ல, தமிழ்ல எழுதிருந்தா: "அக்கா, இது நெசமா?"

"பரீட்சைக்கு எழுதுறதுல என்னட்டி நெசம், பொய்?"னு கேட்டேன்.

"இல்லக்கா, சும்மா கேட்டேன்"னா.


ஜூன் 12, புதன்

சாப்பாட்டப் பத்தி எழுதாம எனக்கு டைரி எதுக்கு?

ட்யூட்டி ரெண்டு மணிக்கு முடியும். நர்சுங்க ரூம்ல நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு கிளாசுக்குப் போவோம். ரெண்டு பேரும்னா, நான். பெனிட்டாவோட அம்மா சகாயராணி, உவரிக்காரங்க. வீட்டுல தையல் மிஷின் போட்டிருக்காங்க. கைப்பக்குவம்னா அப்படி ஒரு கைப்பக்குவம். மூணு அடுக்கு டப்பா. கீழ சோறு, நடுவுல மீன் குழம்பு, மேல பொரியலோ வறுவலோ. பெனிட்டா அத அப்படியே என் பக்கம் தள்ளி விட்டுருவா.

"நீங்க சாப்புடுங்கக்கா. நான் வார்டுலயே சாப்பிட்டேன்."

ஈஸ்டருக்குப் பொறகு இதுதான் வழக்கம். மதினி கட்டிக் குடுக்குற தயிர் சோறு எங்க, இது எங்க. சோறு கண்ட இடம் சொர்க்கம்னு சும்மாவா சொன்னாங்க. சாப்பிட்டு முடிச்சு டப்பாவ சோப்பு போட்டுக் கழுவித்தான் குடுப்பேன். அந்த மரியாதை எனக்கு உண்டு.


ஜூன் 14, வெள்ளி

இன்னைக்கு சாளை மீன் குழம்பு. மாங்கா போட்டு. மூணு தடவை கை கழுவியும் வாசம் போகல.


ஜூன் 18, செவ்வாய்

வார்டுல எடை மெஷின்கிட்ட ஒரே கூட்டம். பெனிட்டாவ ஏத்தி விட்டு ஆளாளுக்கு "ஏய், எப்படிட்டி, எப்படிட்டி"ன்னு கேக்காங்க. மேட்ரன்கூட, "பெனிட்டாவப் பாத்துக் கத்துக்கோங்க"ன்னுட்டு என்னப் பாத்தாங்க. நானும் அசடு வழிஞ்சுட்டு, "மேடம், நான் ஏறுனா மெஷினுக்கு பிரசவ வலி வந்துரும்"னேன். நல்லா சிரிச்சாங்க.

வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு அழுதேன். எதுக்குன்னு தெரியல. அழுதேன், அவ்வளவுதான்.

அதுக்கு முன்ன கிளாசுல, "ரகசியத்தச் சொல்லுட்டி, நானும் பொழச்சுக்கிடுதேன்"னு கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா"ன்னு சொல்லிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டா. புடிச்ச கைய ரொம்ப நேரம் விடல. நான்தான் பேனா எடுக்கணும்னு உருவிக்கிட்டேன்.


ஜூன் 21, வெள்ளி

ரெண்டு நாள் வெள்ளரிக்காயில ஓட்டுனேன். மூணாம் நாள் டப்பாவத் திறந்தா ஊளி மீன் வறுவல். வெள்ளரிக்காயாவது ஒண்ணாவது.


ஜூன் 24, திங்கள்

பெனிட்டா அம்மா யூனிஃபார்ம் கொண்டு வந்து குடுக்க ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. நெத்தியில வேர்வை, கழுத்துல டேப்பு, கழட்ட மறந்துட்டாங்க போல.

"மூணாவது தடவை உள்ள புடிச்சுத் தச்சிருக்கேன் சிஸ்டர். இனி புடிக்கத் துணி இல்ல, புதுசுதான் எடுக்கணும்"னு ஒரே பெருமை. ஆகஸ்ட்ல நாகர்கோவில்ல இருந்து ஒரு மாப்பிள்ளை பாக்க வாராங்களாம். "போட்டோ பாத்துட்டு அவங்களாவே கேட்டு விட்டாங்க"ன்னு சொல்லும்போது அவங்க மூஞ்சியப் பாக்கணும்.

நான் ஒரு பேச்சுக்கு, "ரொம்ப எளச்சுட்டாளோம்மா?"ன்னேன்.

"எங்க சிஸ்டர், நல்லாத்தான் திங்குதா. டப்பா தொடச்சு வச்ச மாதிரி வருது. வயசு அப்படி, உடம்பு வாகு மாறுது."

பெனிட்டா என்னப் பாத்தா. நான் ஃபேனப் பாத்தேன். தொடச்சு வச்ச மாதிரி வருதுன்னா தொடச்சது நான்லா. அத அங்கன நின்னு எப்படிச் சொல்ல? அவளக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதோட நாளைக்கு டப்பாவும் வராது. ரெண்டாவது காரணத்த எழுதாம விட்டிருக்கலாம். எழுதிட்டேன், இருக்கட்டும்.


ஜூலை 1, திங்கள்

வெயில் மண்டையப் பொளக்குது. பெனிட்டா ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கா. "என்னட்டி, இப்பமே அயர்லாந்துக்கு ஒத்திகையா?"ன்னேன். வார்டு ஏசி ஒத்துக்கலையாம். கையத் தொட்டா சில்லுன்னு இருக்கு. முடி வேற கொட்டுது, பெஞ்சுல எல்லாம் அவ முடிதான்.

ஒரு பேஷண்ட் இப்படி வந்து நின்னா ரத்தம் எடுக்கச் சொல்லுவேன். இவகிட்டயும் சொல்லணும்னு மதியம் நெனச்சேன். டப்பாவத் திறந்தா, கணவாய் தொக்கு. மறந்துட்டேன்.


ஜூலை 4, வியாழன்

வார்டுல இரட்டைப் பிரசவம். ரெண்டும் பொண்ணு. பாட்டிக்காரி தூக்கிப் பாத்துட்டு மொத வார்த்தை, "ஒண்ணு செவப்பு, ஒண்ணு கருப்பு"ன்னா. பொறந்து பத்து நிமிஷம் ஆகல. விடுங்கம்மா, அதுங்க மூச்சு விடட்டும்னு சத்தம் போட்டேன். மேட்ரன் என்னக் கூப்பிட்டுக் கண்டிச்சாங்க. கண்டிச்சா கண்டிக்கட்டும்.


ஜூலை 9, செவ்வாய்

இன்னைக்கு பெனிட்டா நோட்டுல ஒம்பது. சார் கேட்டது எட்டு, இவ ஒண்ணு கூட. அதனால "வெரி குட்" போட்டேன்.

நோட்ட வாங்கிட்டு உடனே மூடல. நான் வட்டம் போட்ட இடமெல்லாம் பாத்துட்டு, "படிச்சீங்களாக்கா?"ன்னு கேட்டா.

"ஒம்பது இருக்குட்டி. பின்ன என்ன?"

சிரிச்சா. நோட்ட மூடி பைக்குள்ள வச்சுட்டா. மாடிப்படி எறங்கும்போது ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்கிட்டு எறங்குனா. அந்தப் படியும் செங்குத்துதான், எனக்கே மூச்சு வாங்கும்.


ஜூலை 12, வெள்ளி

சார் எங்க ரெண்டு பேர் நோட்டையும் தூக்கிக் காட்டி, "இப்படித்தான் இருக்கணும்"னார். எனக்குப் பெருமைன்னா பெருமை. மதினிகிட்ட சொன்னேன். "ஓ"ன்னுட்டு சீரியல் பாக்கப் போயிட்டா.


ஜூலை 19, வெள்ளி

எழுத வரல. ஆனாலும் எழுதுதேன்.

மதியம் நண்டுக் குழம்பு. பெனிட்டா டப்பாவத் தள்ளி விட்டா, நான் தின்னேன். நண்டு ஓட்டக் கடிச்சு உறிஞ்சி, அப்படித் தின்னேன். அவ எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டே இருந்தா. "ருசியா இருக்காக்கா?"ன்னு கேட்டா. வாய் நெறையச் சோறோட தலையாட்டுனேன்.

நாலு மணிக்கு கிளாசுல சார் அவள எழுந்து வாசிக்கச் சொன்னார். எழுந்தா. நோட்டத் திறந்தா. அப்படியே பெஞ்சுக்கும் டெஸ்குக்கும் நடுவுல சரிஞ்சு விழுந்துட்டா. பதினோரு நர்ஸ் இருந்தோம் அங்க. நெஞ்சுல கை வச்சு அமுக்குனது நான். அமுக்குன கைக்குத் தெரிஞ்சுது, அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் எலும்புதான். ஸ்வெட்டரும் யூனிஃபார்மும் சேந்து மறச்சிருக்கு. நாடி திரும்ப வந்துச்சு. ஆட்டோவுல எங்க ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு ஓடுனோம்.

ஐ.சி.யு.ல இருக்கா. டாக்டர் என்ன வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "பொட்டாசியம் தரைமட்டம், அதான் ஹார்ட் நின்னுருக்கு. மாசக் கணக்குல ஒழுங்காச் சாப்பிட்டிருக்காது இந்தப் பொண்ணு. நீங்கள்லாம் நர்ஸ்தானம்மா? ஒருத்தர் கண்ணுக்குக்கூடப் படலையா?"

படலன்னு சொன்னேன்.


ஜூலை 20, சனி

காலையில பதினொண்ணே காலுக்கு பெனிட்டா போயிட்டா.


ஜூலை 21, ஞாயிறு

நாகர்கோவில் மாப்பிள்ளை வரும்போது கட்டுறதுக்குன்னு எடுத்து வச்சிருந்த சேலையக் கட்டுனோம். ஜாக்கெட்டு போன மாசம் தச்சது. அதுவும் தொளதொளன்னு கெடந்துச்சு. பின்பக்கம் சேத்துப் புடிச்சு ஊசி குத்துனது நான்தான். அம்மா பாத்துட்டே இருந்தாங்க. "போன மாசந்தான அளவெடுத்தேன்"னு மெல்லமா ஒரு தடவ சொன்னாங்க.

சாமியார் ஜெபம் சொல்லும்போது என் வயித்துக்குள்ள அந்த நண்டு கெடக்குற மாதிரியே இருந்துச்சு. வெளிய போயி வாந்தி எடுத்தேன்.


ஜூலை 26, வெள்ளி

கிளாசுக்குப் போனேன். நோட்டு மாத்த எனக்கு ஆள் இல்ல. சார் நானே திருத்துதேன்னு வாங்கிட்டுப் போனவர், ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டார். தோள் குலுங்குச்சு. நல்ல மனுசன். அவரக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.


ஆகஸ்ட் 2, வெள்ளி

பழம் வாங்கிட்டு பெனிட்டா வீட்டுக்குப் போனேன். நாலு நாளா பாக்கியம் சொல்லிட்டே இருந்தா, அந்த அம்மா அடுப்பே பத்த வைக்கலையாம்னு. போயிப் பாத்தாதான் தெரியுது. பாத்திரமெல்லாம் கவுத்திப் போட்டுக் கெடக்கு. பக்கத்து வீட்டுல இருந்து குடுத்து விட்ட இட்லி காஞ்சு போயி இருக்கு. தையல் மிஷின் மேல போர்வை. அவங்க கன்னம் ஒட்டிப் போச்சு, பதிமூணு நாள்ல.

என்னப் பாத்ததும் கையப் புடிச்சுட்டு அழ ஆரம்பிச்சவங்க சொன்னது இதுதான்.

"நான்தான் கொன்னேன் புஷ்பம். என் கையால கொன்னுட்டேன். அன்னைக்கு வாங்குன நண்டுல ஒண்ணு செத்துக் கெடந்துச்சு. வேண்டாம்னு மனசு சொன்னுச்சு. அவளுக்கு நண்டுன்னா உசுரு, சின்னப் புள்ளையில இருந்து. மாப்பிள்ளை வீடு வரப்போகுது, நல்லாத் தின்னட்டும்னு வச்சுட்டேன். ஒரு துளி மிச்சம் வைக்காமத் தின்னுருக்கா, டப்பா காலி. ரெண்டு மணிக்குத் தின்னா, நாலு மணிக்கு விழுந்துட்டா. டாக்டரு ஹார்ட்டுங்கான். அவனுக்கு என்ன தெரியும், வச்சுக் குடுத்தவளுக்குல்லா தெரியும்."

கோயில் வாசல்ல நின்னு போறவங்க வாரவங்ககிட்ட எல்லாம் இதத்தான் சொல்லுதாங்களாம். இனி இந்தக் கையால சமைக்க மாட்டேன், திங்கவும் மாட்டேன்னு மாதாவுக்கு முன்ன சொல்லிட்டாங்களாம்.

அந்த நண்டத் தின்னது நான். எனக்கு ஒரு ஏப்பம்கூடத் தப்பா வரல. இத ஒரு வாக்கியமாச் சொல்லிருந்தா போதும். வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய வந்தது, "அழாதீங்கம்மா" மட்டுந்தான்.

கிளம்பும்போது பெனிட்டா நோட்டக் கையில குடுத்தாங்க. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எம் மவ என்ன எழுதிருக்கான்னு முப்பதாம் நாள் பூசைக்கு வரும்போது வாசிச்சுச் சொல்லு. கடைசியா அவ கைபட்டது இதுதான." நோட்டப் புரட்டிட்டு, "எல்லாப் பக்கத்துலயும் குட்டு போட்டிருக்கு பாரு. இது மட்டும் எனக்கு வாசிக்கத் தெரியும்"னு சொல்லிச் சிரிக்கப் பாத்தாங்க.


ஆகஸ்ட் 5, திங்கள்

இன்னைக்கு லீவு போட்டுட்டு அந்த நோட்ட முதல் பக்கத்துல இருந்து படிச்சேன். அகராதி வச்சுக்கிட்டு. முப்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் நான் கையில வாங்கி, பத்து நிமிஷம் வச்சிருந்து, திருப்பிக் குடுத்திருக்கேன்.

ஜூன் 10. "டீ குடித்துவிட்டுப் போனவர்கள் என் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே நான் கண்ணாடி பார்ப்பதில்லை. ஆனாலும் பார்க்கிறேன்." ரெண்டு கொக்கியிலயும் அழகா வட்டம் போட்டிருக்கேன்.

ஜூன் 24. "அம்மா என் யூனிஃபார்மைச் சிறிதாக்கும்போது பாட்டு பாடுகிறார். நான் குண்டாக இருந்த காலத்தில் அவர் பாடியதில்லை. ஆகவே நான் நிறுத்த மாட்டேன்." கீழ, எட்டு, குட்.

ஜூலை 9. இத முழுசா எழுதுதேன்.

"என் டப்பாவைப் புஷ்பக்காவுக்குக் கொடுக்கிறேன், ஏனென்றால் அக்கா ஆசையாகச் சாப்பிடுவார். அதனால் அம்மாவும் காலி டப்பாவைப் பார்த்து மகிழ்கிறார். இருந்தாலும் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. மேலும், சாப்பிட நினைத்தாலும் முடியவில்லை. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா தினமும் என் நோட்டைப் பார்க்கிறார், எனவே ஒரு நாள் கேட்பார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்."

கீழ சிவப்புல, ஒம்பது, வெரி குட். என் கையெழுத்து. நல்லா சாய்ச்சு, கோடு வேற போட்டிருக்கேன் அடியில.

அடிப்பாவி. அடிப்பாவி புஷ்பம்.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு கேட்டிருக்கேன். உண்டதே ரெண்டகமா ஆகும்னு யாரும் சொல்லித் தரல.


ஆகஸ்ட் 9, வெள்ளி

அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சுட்டா யாருக்குத் தெரியும்? ஸ்டேப்ளர் பின் போட்ட நோட்டுதான், நடுவுல ஒரு தாள் போனா எதிர்த்தாள் தொங்கும், அதையும் உருவிட்டா தீந்துச்சு. இந்த யோசனையில ஒரு சாயங்காலம் பூராப் போச்சு.

சொல்லலன்னா என்ன ஆகும்? அந்த அம்மா திங்காமக் கெடந்தே போயிருவாங்க. பாக்கியம் நேத்து போயிட்டு வந்து சொன்னா, தண்ணி மட்டுந்தான் குடிக்காங்களாம், ட்ரிப்ஸ் போடக்கூட விட மாட்டேங்காங்களாம். சொன்னா என்ன ஆகும்? என்னக் காறித் துப்புவாங்க. ஆஸ்பத்திரி பூராத் தெரியும். "அந்தப் புள்ளை சோத்தையும் சேத்துத் தின்னவ"ன்னு ஆயுசுக்கும் பேரு நிக்கும். குண்டுன்னு யாரும் சொல்லுறதுக்கு முன்ன நானே சொல்லிக்கிடுவேன், சமாளிச்சுக்கிடுவேன். இத நானே முந்திச் சொல்லணும்னா மட்டும் நாக்கு எழும்ப மாட்டேங்குது.

பத்து நாளா மதியம் எனக்கும் சோறு எறங்கல. யூனிஃபார்ம் இடுப்புல லூசா இருக்குன்னு மதினி சந்தோஷமாச் சொன்னா. அவ கன்னத்துல ஒண்ணு வைக்கலாம் போல இருந்துச்சு.


ஆகஸ்ட் 14, புதன்

மாதிரிப் பரீட்சை. தலைப்பு வேற, போக்குவரத்து நெரிசல். பத்து கொக்கி மாட்டி எழுதுனேன். சார் முதல் மார்க்குன்னார். நான் பேப்பர வாங்கி நாலா மடிச்சு வச்சுக்கிட்டேன். யாருகிட்டயும் காட்டல.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

முப்பதாம் நாள் பூசை காலையில ஏழு மணிக்கு. பூசை முடிஞ்சு வீட்டுல காபி குடிச்சுட்டு சொந்தக்காரங்க எல்லாம் பத்து மணிக்குள்ள கிளம்பிட்டாங்க. அம்மாவால நிக்க முடியல, கட்டில்ல சாஞ்சு உக்காந்தாங்க. நான் கீழ தரையில உக்காந்தேன்.

"வாசி"ன்னாங்க.

வாசிச்சேன். இங்கிலீஷ்ல ஒரு வரி, தமிழ்ல ஒரு வரி. பெனிட்டாவோட இங்கிலீஷக் கேக்கும்போது அவங்களுக்கு மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு. "நல்லா எழுதிருக்கா என்ன?"ன்னாங்க. ஆமாம்மா, எங்க கிளாசுலயே நல்லா எழுதுறது அவதான்னேன். அது உண்மை.

பாட்டு பாடுற பக்கம் வந்துச்சு. ரெண்டு தாளச் சேத்துப் புரட்டிட்டேன். அந்த ஒண்ண மட்டும் அவங்ககிட்ட மறச்சேன். கடவுள் அதுக்கு என்னக் கேட்டா, ஆமா மறச்சேன்னு சொல்லிக்கிடுவேன். அவங்க பாடுனதுக்கு ஒரு தப்பும் கெடையாது. மவளுக்கு நல்ல காலம் வருதுன்னு நெனச்சுப் பாடிருக்காங்க.

ஜூலை 9 வந்துச்சு. கிழிக்கல, அது அப்படியேதான் இருந்துச்சு. வாசிக்காம, நோட்ட மடியில வச்சுட்டேன்.

"அம்மா, டப்பாவ அவ திங்கல. நான் தின்னேன்."

அவங்களுக்குப் புரியல. "என்னைக்கு?"

"எல்லா நாளும். ஈஸ்டருக்குப் பொறகு ஒரு நாளும் அவ தொடல. சாளை, ஊளி, கணவாய், எல்லாம் நான்தான். காலி டப்பாவக் கழுவிக் குடுத்தது நான்தான். கடைசி நாள் நண்டும் நான்தாம்மா தின்னேன். உங்க நண்டுல ஒண்ணுமில்ல. உங்க கையில ஒண்ணுமில்ல. அவ சாப்பிடாம இருக்குறத இதுல எழுதிருந்தா. நான் ஒருத்திதான் தினமும் இதக் கையில வச்சிருந்தேன். படிக்கல. வார்த்தைய எண்ணி மார்க் போட்டுக் குடுத்துட்டேன்."

அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்க.

"ஒனக்கு ஒண்ணும் செய்யலையா?"

"இல்லம்மா."

"வயித்துவலி? வாந்தி?"

"அன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா. குழம்பு நல்லா இருந்துச்சு."

"அப்ப நண்டு கெட்டுப் போகல."

"கெட்டுப் போகலம்மா."

பெரிசா ஒரு மூச்சு விட்டாங்க. தோள் எறங்குச்சு. தலைமாட்டுல இருந்த காபிய எடுத்து, ஆறிப்போனத, ரெண்டு வாய் குடிச்சாங்க. முப்பது நாள்ல தண்ணியத் தவிர அவங்களாவே எடுத்துக் குடிச்சது அதுதானாம், பக்கத்து வீட்டு அக்கா பொறகு சொன்னாங்க. அதப் பாத்ததும் நான் செஞ்சது சரிதான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். ஒரு நிமிஷந்தான்.

காபி டம்ளரக் கீழ வச்சாங்க. என்னப் பாக்கல, அவ போட்டோவப் பாத்துக் கேட்டாங்க.

"அப்ப எம் புள்ள பசியோடயா போனா?"

ஆமாம்மான்னு சொன்னேன்.